மதிலோடு பாஸ் பழகலாம் வாங்க

உதைபந்தாட்டத்தில் பாஸ், அதாவது பந்தைச் சக வீரருக்குத் தட்டிக் கொடுப்பது, பழகத் துணைக்கு ஆள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பந்தும் மதிலும் ஐந்தாறு மீற்றர் இடமும் போதும். நெதர்லாந்து வீரர் டெனிஸ் பேர்காம்ப் சிறுவயதில் மதிலில் அடித்து அடித்துத்தான் பந்தைப் புரிந்துகொண்டார். நான் பழகியதும் கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கை மதிலில்தான்.

மதில்காரரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். பந்து மோதும் சத்தம் வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத்தான் பெரிதாகக் கேட்கும். வெள்ளவத்தையில் என்றால் கடற்கரைப் பக்கம் போகவே வேண்டாம். ரயில் தண்டவாளம் இருக்கிறது, மணலில் பந்தும் உருளாது. பெரியவர்களுக்கு 5ஆம் இலக்கப் பந்து, 8 முதல் 12 வயது வரை என்றால் 4ஆம் இலக்கம்.

1. மதிலின் அடியில், முழங்கால் உயரத்துக்குள், ஒரு மீற்றர் அகலத்தில் வெண்கட்டியால் பெட்டி கீறுங்கள். 3 மீற்றர் தள்ளி நில்லுங்கள்.

2. ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, விரல்கள் பெட்டியைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பந்து கோணலாகப் போகிறதா? பெரும்பாலும் பிழை இந்தக் காலில்தான், உதைக்கும் காலில் அல்ல. உதைக்கும் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, நுனியைச் சற்று உயர்த்தி, கணுக்காலை இறுக்குங்கள். பாதத்தின் உள்பக்கம் பந்தின் நடுவில் படட்டும். கீழே பட்டால் பந்து எழும்பிவிடும்.

3. திரும்பி வரும் பந்தை எடுப்பதில்தான் விஷயமே இருக்கிறது. மரக்கட்டை போல் காலை நீட்டினால் பந்து தெறித்து ஓடும். பந்து தொடும் நொடியில் பாதத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுங்கள், முட்டையைக் கையில் ஏந்துவது போல. காலடியில் அப்படியே நிறுத்தவும் கூடாது. அரை அடி முன்னால், சற்றுப் பக்கமாக விடுங்கள்; அடுத்த உதைக்கு ஓர் எட்டு வைத்தால் போதும்.

4. வலது காலால் 20, இடதால் 40. இடது கால் பழக்கமானவர்கள் மாற்றிச் செய்யுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் இதை விடாதீர்கள். ஒற்றைக் காலை நம்பி ஆடுபவரை எதிரணி சீக்கிரம் மடக்கிவிடும்.

5. சரி, இனி பந்தை நிறுத்தாமல் ஒரே தொடுகையில் திருப்பி அடியுங்கள். குதிகால் நிலத்தில் ஊன்றாமல் நில்லுங்கள். பந்து மதிலுக்குப் போகும்போதே தோளுக்கு மேலால் ஒருமுறை பின்னால் பாருங்கள். ஆட்டத்தில் யார் நெருங்குகிறார் என்று அறிய இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

வெயில் தணிந்த பின்னேரத்தில் கால்மணி நேரம் போதும். இருபதில் எத்தனை பெட்டிக்குள் பட்டது என்று எண்ணுங்கள். பழகாத காலாலும் 16 பட்டால், மறுநாள் ஒரு மீற்றர் பின்னால் போய் நில்லுங்கள்.