பதினைந்து நிமிடத்தில் முழுப் பாலஸ்தீனமா? குறும்படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலஸ்தீன அன்றாட வாழ்க்கையைக் குறும்படமாக எடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு முதலில் வரும் ஆசை, எல்லாரையும் காட்டிவிட வேண்டும் என்பது. ஓர் இமாம், ஒரு பாதிரியார், பாலைவன நாடோடி மரபில் வந்த ஒரு பெதூயின் தாத்தா, ஹிஜாப் அணிந்த பெண் ஒருத்தி, அணியாத பெண் ஒருத்தி. ஆளுக்கு ஒரு வசனம். அரசு விளம்பரப் படம் பார்த்த மாதிரி இருக்கும். ஒருவர்கூட மனதில் நிற்கமாட்டார். ஃபாரா நபுல்சியின் 'தி பிரசென்ட்' (2020) படத்தில் ஓர் அப்பாவும் மகளும் அம்மாவுக்குத் திருமண நாள் பரிசாக ஃபிரிட்ஜ் வாங்கப் போகிறார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு ஃபிரிட்ஜை இஸ்ரேலிய ராணுவத்தின் சோதனைச் சாவடியைத் தாண்டி வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் மேற்குக் கரை வாழ்க்கை என்னவென்று புரிந்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய தவறு, பாலஸ்தீனத்தை ஒரே ஊராக நினைத்துக்கொள்வது. மேற்குக் கரைக்காரரிடம் இருப்பது பச்சை உறை போட்ட அடையாள அட்டை. கிழக்கு ஜெருசலேம்காரரிடம் நீலம். நீல அட்டைக்காரர் மஞ்சள் நிற இஸ்ரேலிய நம்பர் பிளேட் காரில் ஜெருசலேமுக்குள் போய்விடுவார். பச்சை அட்டைக்காரருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், சொந்தக் காரையும் கொண்டுபோக முடியாது. கணவரிடம் நீலம், மனைவியிடம் பச்சை என்றால் ஜெருசலேமில் சேர்ந்து குடியிருக்கவே தனி அனுமதி கேட்டு அலைய வேண்டும். ஒரு முழுக் குறும்படத்துக்கு இதுவே போதும். இதைக் கவனிக்காமல் இருவரையும் ஒரே காரில் சிரித்துப் பேசியபடி சாவடியைக் கடக்கவிட்டால், அந்த ஊர்க்காரர் அங்கேயே படத்தை நிறுத்திவிடுவார்.

காசா வேறு கதை. 2005இல் இஸ்ரேலியக் குடியேற்றங்கள் அகற்றப்பட்ட பிறகு, 2023 போர் வரை காசாவுக்குள் ஊருக்கு ஊர் இஸ்ரேலியச் சாவடி கிடையாது. 2015இல் நடக்கும் காசா கதையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைச் சிப்பாய் தெருவில் நிறுத்துகிறார் என்றால் தப்பு. அப்புறம், மேற்குக் கரை அகதி முகாம் என்றதும் கூடாரம் போட்டுவிடுவது. பலாத்தா, தெஹைஷா முகாம்கள் 1950ஐ ஒட்டி உருவானவை. இன்று அங்கே இருப்பது கான்கிரீட் வீடுகளும் குறுகிய சந்துகளும்தான்.

நடிகருக்கு அரபு தெரியும் என்பதும் போதாது. 'காஃப்' (ق) என்ற அரபு எழுத்தை ஜெருசலேம் நகரத்தார் பெரும்பாலும் தொண்டையிலேயே விழுங்கிவிடுவார்கள். பல கிராமங்களில் அது 'பக்கம்' என்பதில் வரும் ககரம், பெதூயின்களிடம் 'தங்கம்' என்பதில் வரும் ககரம். காரணமே இல்லாமல் அண்ணன் ஒரு மாதிரியும் தம்பி வேறு மாதிரியும் பேசினால் குடும்பம் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

உடையில் நடக்கும் கூத்தைச் சொல்லவே வேண்டாம்: ஆண்கள் அத்தனை பேர் தோளிலும் கெஃபியே என்ற கட்டம் போட்ட துண்டு, சமையலறையில்கூடப் பூவேலை செய்த விசேஷ உடை.

சிறுபான்மையினரைக் காட்டும்போது மதத்தையும் நிறத்தையும் தவிர வேறொன்றும் கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஜெருசலேமின் பழைய நகரத்தில், அல் அக்ஸா மசூதி அருகே, சாட், சூடான் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழ்கிறார்கள். அந்த வீட்டுப் பையனைக் காட்டுவதானால் அவனுக்கு ஒரு கால்பந்தும் கோபக்கார அக்காவும் கொடுங்கள்; பூர்வீகத்தை அவன் வாயாலேயே விளக்கச் சொல்லாதீர்கள்.

பெண்களை அழுவதற்கு மட்டும் கூப்பிடுவது இன்னொன்று. கோடையில் பெத்லகேம் பக்கம் குழாயில் நாள்கணக்கில் தண்ணீர் வராது. மொட்டை மாடிக் கருப்புத் தொட்டிதான் கதி. தொட்டியைத் தட்டிப் பார்த்து, இன்று துணி துவைக்கலாமா, பிள்ளைகளைக் குளிப்பாட்டலாமா என்று ஓர் அம்மா கணக்குப் போடட்டும்.

படத்தொகுப்பு முடிந்த பிறகு 'ஆலோசகர்' பெயரை டைட்டிலில் சேர்ப்பதில் பயனில்லை. திரைக்கதையாக இருக்கும்போதே அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்து, தகுந்த சம்பளமும் தாருங்கள். ஆலிவ் அறுவடையை மார்ச் மாதத்தில் வைத்திருந்தால், அது அக்டோபர், நவம்பரில்தான் நடக்கும் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுவார்.