வேரியன்ட் அனலிஸ்ட் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஎன்ஏவில் காணும் மாற்றங்களில் எது நோய்க்குக் காரணம் என்று பார்த்துச் சொல்வதுதான் வேரியன்ட் அனலிஸ்ட் வேலை. நான் அதில் சேர்ந்த புதிதில் ஒரு குழந்தையின் சாம்பிள் வந்தது. கடுமையான ரத்தசோகை, மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறார்கள். ஏற்றிய ரத்தமும் கலந்திருந்ததால் ஹீமோகுளோபின் பரிசோதனையை நம்ப முடியாமல், டாக்டர் மரபணுச் சோதனைக்கு எழுதியிருந்தார். தேவையில்லாத மாற்றங்களைக் கழித்துவிடும் வழக்கமான ஃபில்டரைப் போட்டேன். எதுவும் மிஞ்சவில்லை. ‘நெகட்டிவ்’ என்று எழுதி, சரிபார்க்கும் சீனியருக்கு அனுப்பிவிட்டேன்.

அவர் முதலில் டாக்டரின் படிவத்தைப் படித்தார். அப்புறம் ஃபில்டரை எடுத்துவிட்டு ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்கும் எச்பிபி (HBB) மரபணுவைத் திறந்தார். முதல் இன்ட்ரானின் (புரதத்துக்கான குறிப்பு இல்லாத இடைப்பகுதி) ஐந்தாவது எழுத்து, ‘ஜி’ இருக்க வேண்டிய இடத்தில், அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் வந்த இரண்டு பிரதியிலும் ‘சி’. இந்தியாவில் பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகைக்கு மிக அதிகமாகக் காரணமாவது இந்த ஒரு மாற்றம்தான். என் ஃபில்டரோ புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் எக்ஸானையும் அதை ஒட்டிய இரண்டெழுத்தையும் தவிர எல்லாவற்றையும் கழித்திருந்தது.

படிவத்தைப் படிக்காமல் ஃபில்டரைத் தொடுவதுதான் முதல் தவறு என்பேன். நோய் எது என்று தெரிந்தால்தான் எங்கே தேடுவது என்று தெரியும். அதே எச்பிபியில் 619 எழுத்துகள் மொத்தமாக விடுபட்டுப்போகும் மாற்றமும் நம் நாட்டில் உண்டு. ஒற்றை எழுத்து மாற்றங்களை மட்டும் பார்ப்பவர் கண்ணில் அது படாது. ‘அமினோ அமிலம் மாறவில்லை, விட்டுவிடலாம்’ என்பதும் ஆபத்து. குழந்தையிலேயே முதுமை வரும் புரோஜீரியா நோய்க்கு எல்எம்என்ஏ மரபணுவில் அப்படியொரு ‘அமைதியான’ மாற்றமே காரணம் என்று 2003-ல் தெரியவந்தது. மரபணுவின் நகலான ஆர்என்ஏ, இன்ட்ரான் நீக்கி வெட்டி ஒட்டப்படும் இடத்தையே அது மாற்றிவிடுகிறது.

அடுத்து, ஒரு மாற்றம் எத்தனை பேரிடம் இருக்கிறது என்ற கணக்கு. பல நாட்டு மக்களிடம் கண்ட மாற்றங்களைத் தொகுத்த நோமாட் (gnomAD) தரவுத்தளத்தில் இல்லை என்பதால் அது அரிய மாற்றம் ஆகிவிடாது. நம் சமூகங்கள் பலவும் அதில் போதுமான அளவு இல்லை. ஓர் ஊரில், ஒரே சாதிக்குள் மணம் முடிப்பவர்களிடம் சாதாரணமாக இருப்பதுகூட அங்கே இல்லாமல் போகலாம். மறுபக்கமும் உண்டு. நீலகிரிப் பழங்குடிகளிடம், ரத்த நோய் தரும் அரிவாள் செல் மாற்றம் பரவலாக இருப்பது 1952-லேயே பதிவானது. அடிக்கடி தென்படுகிறது என்பதற்காக அதைத் தீங்கற்றது என்று ஒதுக்க முடியுமா?

மாற்றங்களைப் பற்றி ஆய்வகங்கள் சொன்ன முடிவுகளைத் தொகுக்கும் கிளின்வார் (ClinVar) தளத்தில் ‘நோய்க்காரணி’ என்று போட்டிருந்தால் அப்படியே எடுத்து எழுதாதீர்கள். எத்தனை நட்சத்திரம் (அந்த முடிவு எவ்வளவு சரிபார்க்கப்பட்டது என்பதன் அளவு), யார், எந்த ஆண்டு, எந்த ஆதாரத்தோடு சொன்னார்கள் என்று பாருங்கள். ரீடுகளையும், அதாவது கருவி படித்த டிஎன்ஏ துண்டுகளையும், ஐஜிவி என்ற மென்பொருளில் கண்ணால் பாருங்கள். பிஎம்எஸ்2 போன்ற மரபணுவுக்கு கிட்டத்தட்ட அச்சு அசலான, ஆனால் வேலை செய்யாத போலி மரபணு இருப்பதால், அதன் ரீடுகள் இங்கே வந்து ஒட்டிக்கொள்ளும்.

இரு பிரதியும் பழுதானால் மட்டுமே வரும் நோயில் இரண்டு மாற்றங்கள் கிடைத்துவிட்டால் விடை கிடைத்துவிட்டதாகத் தோன்றும். இரண்டும் ஒரே பிரதியில் இருந்தால் இன்னொரு பிரதி நன்றாகவே இருக்கும். எந்த மாற்றம் யாரிடமிருந்து வந்தது என்று தெரிய, பெற்றோரின் சாம்பிளைக் கேளுங்கள்.

கடைசியாக, வியுஎஸ். அமெரிக்க மருத்துவ மரபியல் அமைப்பான ஏசிஎம்ஜி 2015-ல் வெளியிட்ட நெறிமுறையின் ஐந்து வகைகளில் நடுவில் நிற்பது இது: பொருள் இன்னும் தெளிவாகாத மாற்றம். மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பிஆர்சிஏ1 மரபணுவில் இப்படி ஒன்றைப் பார்த்துப் பயந்து மார்பகத்தை அகற்றிக்கொள்ளும் பெண் ஒருவர்கூட இருக்கக் கூடாது. அதனால் ‘வியுஎஸ்’ என்று எழுதிய அடுத்த வரியிலேயே, ‘இதை மட்டும் வைத்துச் சிகிச்சை முடிவு எடுக்க வேண்டாம்’ என்றும் எழுதுகிறேன். முடிந்தால் டாக்டரைப் போனில் கூப்பிட்டு அதையே வாயாலும் சொல்லிவிடுகிறேன்.