சிற்றுண்டி மேசைக்கு நாற்காலி மட்டும்தானா?

சமையலறை ஓரத்தில் காலைச் சிற்றுண்டிக்கென மேசை போடுபவர்கள், அதைச் சுற்றி ஒரே மாதிரியான நாற்காலிகளைத்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. சுவரையொட்டிய பெஞ்ச், ஜன்னலடி இருக்கை, இருவர் அமரும் சிறு சோபா என எதுவும் பொருந்தும். உயரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மேசையின் மேற்பரப்பு 75 செ.மீ. உயரத்தில் இருந்தால், இருக்கையானது மெத்தை அமுங்கிய பிறகும் ஏறத்தாழ 45 செ.மீ. இருக்க வேண்டும்; சோபாக்கள் பெரும்பாலும் இதைவிடத் தாழ்வாக அமைவதால், தட்டு நெஞ்சுக்கு நேராக வந்து, தோள்களைத் தூக்கிக்கொண்டே சாப்பிட நேரிடும். கெட்டியான மெத்தை போட்டோ, சோபாவின் கால்களுக்கடியில் உறுதியான மரக்கட்டைகளைப் பொருத்தியோ இதைச் சரிசெய்துவிடலாம். பெஞ்சின் ஆழம் 45 முதல் 50 செ.மீ. வரை இருந்தால், முதுகு சாயவும் முழங்கால் மடங்கவும் வசதியாக இருக்கும். உறை, கழற்றித் துவைக்கக்கூடியதாக இருக்கட்டும்.