பள்ளிக்குக் கட்டடம் எழுப்பும் ஊழியப் பயணத்துக்கு ஆயத்தமாவது எப்படி?

பள்ளி ஒன்றுக்கு வகுப்பறையோ கழிவறையோ கட்டித் தரும் ஊழியப் பயணத்தைப் பற்றித் திருச்சபையில் அறிவித்த உடனே பெயர் கொடுத்துவிடத் தோன்றும். அதற்கு முன், அந்தக் கட்டடத்தைக் கேட்டவர் யார் என்று விசாரியுங்கள். வேதாகமத்தில் வரும் நெகேமியா எருசலேமின் மதிலை 52 நாளில் கட்டி முடித்ததையே நாம் அதிகம் பேசுகிறோம். ஆனால் வேலையைத் தொடங்குமுன் அவர் யாரிடமும் சொல்லாமல், சிலரை மட்டும் அழைத்துக்கொண்டு இரவில் போய் இடிந்த மதிலைப் பார்வையிட்டார். பிறகு கட்டியவர்களும் அந்த ஊராரும் சுற்றுப்புற ஊராருமே. பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைக் கட்டினார்கள். ஊழியப் பயணம் போகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய வரிசை இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே தலைமையாசிரியரிடமும் ஆசிரியைகளிடமும் நேரடியாகப் பேசுங்கள். குழுவினர் நூலகம் கட்ட விரும்பலாம். பள்ளியின் அவசரத் தேவையோ கழிவறையாக இருக்கலாம். மாணவிகளில் 25 பேருக்கு ஒரு கழிவறை வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2009-இல் பள்ளிகளுக்கு வகுத்த அளவு. கதவுக்குத் தாழ்ப்பாளும் உள்ளே தண்ணீரும் இல்லையென்றால், மாதவிடாய் நாட்களில் வளர்ந்த பெண்பிள்ளைகள் வகுப்புக்கு வரத் தயங்குவார்கள். நிலம் பள்ளியின் பெயரில் இருக்கிறதா, பொறியாளர் வரைபடம் தந்திருக்கிறாரா, கட்டட அனுமதி கிடைத்துவிட்டதா, பின்னாளில் பழுது பார்ப்பவர் யார், அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பவற்றையும் கேளுங்கள். இவற்றுக்குத் தெளிவான பதில் வராவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

வேறு நாட்டுக்குப் போவதானால், கூலி வாங்காமல் செய்யும் வேலைக்குச் சுற்றுலா விசா செல்லுமா என்று தூதரகத்தில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பல நாடுகளில் செல்லாது. டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் பயணக் காப்பீடு கட்டட வேலையில் ஏற்படும் காயத்தையும் ஏற்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலைத்தளத்தில் உங்கள் இடம் சித்தாளின் இடம். கொத்தனார் உள்ளூர்க்காரராக இருக்கட்டும். அவருக்கு உரிய கூலியைப் பயணச் செலவுத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். பட்டம் பெற்றவர், பதவியில் இருப்பவர் எவரானாலும் அங்கே கொத்தனார் சொல்வதைக் கேட்டுச் செங்கல் எடுத்துக் கொடுப்பதும், மணல் சலிப்பதும், கலவையைச் சட்டியில் சுமப்பதும்தான் வேலை. அதைச் சரியாகச் செய்யவே கவனம் வேண்டும். காய்ந்த செங்கல் கலவையிலுள்ள நீரை உறிஞ்சிவிடும் என்பதால், அதை முன்கூட்டியே தண்ணீரில் ஊறப்போட வேண்டும். குமிழி வருவது நின்றால் ஊறிவிட்டது என்று அறியலாம். சுவருக்கு வழக்கமாக ஒரு பங்கு சிமென்டுக்கு ஆறு பங்கு மணல். கை வலிக்கிறது, கலவை இறுகிவிட்டது என்று கூடுதலாகத் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். தண்ணீர் கூடினால் வலிமை குறையும். மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பக்கம் 3 அடியும் மறு பக்கம் 4 அடியும் அளந்து குறியிடுங்கள். இரு குறிகளுக்கும் இடையே சரியாக 5 அடி இருந்தால் அது செங்கோணம். சுவர் செங்குத்தாக எழுகிறதா என்று தூக்குக் குண்டு பிடிப்பதையும், மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் பார்ப்பதையும் புறப்படுவதற்கு முன்பே ஒரு கொத்தனாரிடம் இரண்டு நாள் நின்று பழகிக்கொண்டால், அங்கே போய் மற்றவர்களின் நேரத்தை வீணாக்க மாட்டீர்கள்.

ஈரச் சிமென்ட் தோலை அரிக்கும். பட்டவுடன் வலிக்காது என்பதே அதன் ஆபத்து. ரப்பர் கையுறையும் முழங்கால் வரையிலான பூட்சும் அணியுங்கள். கண்ணில் தெறித்தால் சுத்தமான தண்ணீரால் 20 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். பழக்கமில்லாதவர்கள் சாரத்தில் ஏறக் கூடாது.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது, நீங்கள் திரும்பிய பிறகு நடக்க வேண்டிய வேலை. நான் சென்ற முதல் பயணத்தில், கடைசி நாள் மாலை வரை சுவருக்குப் பூசிவிட்டு, ஜெபித்து, மறுநாள் விடியலில் புறப்பட்டுவிட்டோம். தண்ணீர் விடும் பொறுப்பை நாங்கள் ஒருவரிடமும் ஒப்படைக்கவில்லை. அடுத்த ஆண்டு போனபோது ஒரு சிறுவன் சுவரில் விரலால் கோடு இழுத்தான். பூச்சு மாவாக உதிர்ந்து அவன் விரலில் ஒட்டியது. சிமென்ட் காய்வதால் இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்தே இறுகுகிறது. அதனால் குறைந்தது 7 நாளாவது சுவரை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கான்கிரீட் தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்க வேண்டும். தூண்களுக்கு ஈரச் சாக்குச் சுற்ற வேண்டும். கான்கிரீட்டின் வலிமையைக் கணக்கிடுவதே 28-ஆம் நாளில்தான். எனவே பூச்சு வேலையையும் தள வேலையையும் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். யார், எந்த நேரத்தில், எந்தக் குழாயிலிருந்து தண்ணீர் விடுவார் என்பதைப் பெயரோடு எழுதிவைத்து, அதற்கும் கூலி கொடுத்துவிட்டு வாருங்கள்.

பிள்ளைகள் உங்களைச் சுற்றி வருவார்கள். எந்தப் பிள்ளையோடும் தனியறையில் இருக்காதீர்கள். பெரியவர்கள் இருவராவது உடனிருக்க வேண்டும். பெற்றோரும் பள்ளியும் சம்மதிக்காமல் படம் எடுப்பதும் பகிர்வதும் வேண்டாம். இனிப்பையோ பரிசையோ நேரடியாகக் கையில் கொடுக்காமல் ஆசிரியர் வழியாகக் கொடுங்கள். காலை ஜெபத்துக்கு வேலையாட்களை அழைக்கலாம். வராதவரின் கூலியிலோ மரியாதையிலோ ஓர் இழையும் குறையக் கூடாது. கட்டடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது என்பதை முதல் நாளே பள்ளியில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

புறப்படுவதற்கு முந்தைய நாள், மண்ணுக்குள் புதைத்த குழாய்கள் செல்லும் வழியையும் செப்டிக் டேங்க் மூடி இருக்கும் இடத்தையும் சுவர் மூலையிலிருந்து அளந்து ஒரு தாளில் வரைந்து, தலைமையாசிரியர் அறையில் ஒட்டுங்கள். பிரதி ஒன்றைக் கொத்தனாரிடம் கொடுங்கள். கருவிகளைத் திரும்ப எடுத்துவராமல் அவரிடமே விட்டுவாருங்கள். கழிவறைச் சாவி யாரிடம் இருக்கும், சோப்பு வாங்குவது யார் என்பதைப் பள்ளியாரோடு உட்கார்ந்து பேசி முடித்துவிட்டு வண்டியேறுங்கள்.