பக்கவாதமா, முகவாதமா, செயலிழப்பா: பாரலிசிஸுக்கு எந்த வார்த்தைய எங்க போடறது

பாரலிசிஸ்னா உடம்புல ஏதோ ஒரு எடம் அசையாம போறது. இங்கிலீஷ்ல அந்த வார்த்தைய பாத்த உடனே கண்ண மூடிட்டு பக்கவாதம்னு எழுதிடறோம், நெறைய எடத்துல அது தப்பா போயிடுது. எங்க சொந்தத்துல ஒருத்தருக்கு முதுகுத்தண்டுல அடிபட்டு ரெண்டு காலும் அசையாம போச்சு, அவருக்காக எழுதுன விண்ணப்பத்துல யாரோ பக்கவாதம்னு போட்டுட்டாங்க, படிச்சவங்கல்லாம் "எந்தப் பக்கம், இடதா வலதா"ன்னே கேட்டுட்டு இருந்தாங்க. அவருக்கு பக்கம்ங்கற பேச்சே இல்ல. கடைசில "முதுகுத்தண்டில் அடிபட்டதால் இடுப்புக்குக் கீழே இரண்டு கால்களும் செயலிழந்துள்ளன"னு மாத்தி எழுதுனோம், அதுக்கப்புறம் ஒருத்தரும் எதுவும் கேக்கல.

அதனால வார்த்தைய தேடறதுக்கு முன்னாடி உடம்புல எந்த எடம்னு பாருங்க. பக்கவாதம்ல பேருலயே பக்கம் இருக்கு, ஒரு பக்க கையும் காலும் சேந்து போனாதான் அது பொருந்தும். பாரிசவாயுவும் அதேதான், பாரிசம்னா பக்கம், வாயுன்னா காத்து, பெரியவங்க வாயில இன்னும் இருக்கு. முகத்துல மட்டும் ஒரு பக்கம் இழுத்துகிட்டா முகவாதம். ஒரு கை மட்டும், இல்ல கழுத்துக்கு கீழ எல்லாமேன்னா புதுசா பேரு கண்டுபிடிக்க வேணாம், எடத்த சொல்லி செயலிழப்புன்னு எழுதுங்க, யாருக்கும் கொழப்பம் வராது.

அடுத்தது, நோயோட பேர சொல்றீங்களா, நோயால வந்த நிலைமைய சொல்றீங்களா. ஸ்ட்ரோக்குங்கறது மூளைல ரத்தக்குழாய் அடைச்சிக்கறது, இல்ல வெடிக்கறது. கை கால் விழறது அதோட விளைவு, மூளையோட வலது பக்கம் பாதிச்சா உடம்போட இடது பக்கம் விழும். தமிழ்ல ரெண்டுக்குமே பக்கவாதம்னு சொல்லி பழகிட்டோம், பேச்சுக்கு பரவால்ல, ஆனா மருத்துவ விஷயமா எழுதறப்ப முதல் தடவ "மூளையில் ரத்த அடைப்பு, அதனால் வந்த பக்கவாதம்"னு பிரிச்சு எழுதிடுங்க.

வாதம்னு முடியறதெல்லாம் பாரலிசிஸ் இல்ல, இங்கதான் ரொம்ப பேர் வழுக்கறாங்க. சித்த மருத்துவத்துல வாதம், பித்தம், கபம்னு மூணு இருக்கில்ல, அந்த வாதத்துக்கு காத்துன்னு அர்த்தம், திருக்குறள் 941ல அதத்தான் வளின்னு சொல்லியிருக்கு. அசைவு, வலி, நடுக்கம் எல்லாத்தையும் அந்தக் காத்து கணக்குல சேத்ததால கீல்வாதம் மூட்டு நோயாச்சு, நடுக்குவாதம் பார்கின்சன் ஆச்சு. முடக்குவாதம்னு இப்ப எழுதுனா மூட்டெல்லாம் வீங்கி மடங்கற ருமட்டாய்டு நோயத்தான் நெனைப்பாங்க, முடக்கத்தான் கீரைக்கு பேரு வந்ததும் அந்த முடக்க அறுக்கும்ங்கற நம்பிக்கைலதான். இளம்பிள்ளை வாதம்னா போலியோ, இது மட்டும் நெஜமாவே பாரலிசிஸ் பக்கம் வரும், ஆனா அதுல அசைவுதான் போகும், தொட்டா தெரியும். பிடிவாதம், விவாதத்துல வர்ற வாதம் வேற வேர்ச்சொல், அது பேச்சு சம்பந்தப்பட்டது, எழுத்து ஒண்ணா இருக்கே தவிர ஒறவு கெடையாது.

திமிர்வாதம் பழைய சொல், தமிழ் பைபிள் படிச்சவங்களுக்கு திமிர்வாதக்காரன்னா ஒடனே புரியும். இந்த திமிர் மரத்துப்போற திமிர். இப்ப புதுசா படிக்கறவங்களுக்கு திமிர்னா ஆணவம்தான் தோணும், அதனால இன்னிக்கு எழுதறதுல நான் அத போடமாட்டேன்.

பேச்சுல வர்றத எழுதறப்ப ரொம்ப கவனம் வேணும். "கை கால் விழுந்துருச்சு", "வாய் கோணிகிச்சு", "ஒரு பக்கம் வெளங்கல" எல்லாம் பாரலிசிஸ்தான். "இழுத்துகிச்சு"ன்னா அது வலிப்பாவும் இருக்கலாம், கேட்டு தெரிஞ்சிகிட்டு எழுதுங்க. "மரத்து போச்சு"ன்னா உணர்ச்சி போச்சுன்னு அர்த்தம், ஆனா நோயாளிங்க கை தூக்க வரலைங்கறதயும் அப்படித்தான் சொல்றாங்க. எங்க பெரியம்மா போன்ல கை மரத்த மாதிரி இருக்குன்னாங்க, "டம்ளர புடிச்சு தூக்குங்க பாப்போம்"னு கேட்டப்பதான் வெரலே மடங்கலைன்னு தெரிஞ்சுது. மரத்ததோ அசையாததோ, திடீர்னு ஒரு பக்கமா வந்தா வார்த்தைய ஆராயாம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, ரத்தக்கட்டிய கரைக்கற ஊசிக்கு ஆரம்பிச்ச நேரத்துலேந்து நாலரை மணி நேரம்தான் கணக்கு.

நோய் இல்லாத எடத்துல முடக்கம், ஸ்தம்பிப்பு. போக்குவரத்து ஸ்தம்பிச்சுது, வேலை முடங்குச்சு, அவ்வளவுதான். தூக்கத்துல முழிப்பு வந்தும் உடம்பு அசையாம கெடக்குமே, அத "தூக்க பக்கவாதம்"னு மொழிபெயர்த்து வச்சிருக்கறத பாத்தா மனசு கஷ்டமா இருக்கு, அது ஒரு பக்கம் இல்ல, முழு உடம்பு, ஸ்ட்ரோக்கும் இல்ல, படிக்கறவங்க வீணா பயந்துடுவாங்க. தூக்க முடக்கம்னு எழுதுங்க.