எழுத்து தெரியும் முன்பே புத்தகம்

அரிச்சுவடியின் 247 எழுத்துகளையும் கற்று முடித்த பிறகுதான் பிள்ளையின் கையில் கதைப்புத்தகம் கொடுக்க வேண்டும் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுவதே நல்லது என்பது என் கருத்து. இரண்டு வயதுப் பிள்ளைக்கு எழுத்து தெரியாவிட்டாலும், படத்தைக் காட்டிக் கேட்கவும் பக்கத்தைப் புரட்டவும் அடுத்து என்ன வரும் என்று காத்திருக்கவும் தெரியும். எனவே வாசிப்பு காதில் தொடங்கட்டும்.

தமிழில் வாசித்துக் காட்டுவோர் அனைவரும் ஒரு தடையைச் சந்திப்பார்கள். வீட்டில் 'யானை குளிக்கப் போவுது' என்று கேட்டுப் பழகிய பிள்ளைக்குப் புத்தகத்தில் உள்ள 'யானை குளிக்கப் போகிறது' என்ற வாக்கியம், யாரோ மேடையில் பேசுவதுபோல் அந்நியமாக ஒலிக்கும். ஆகையால் புதிய புத்தகத்தை முதல்முறை எடுக்கும்போது, அச்சில் உள்ளதை அப்படியே படிக்காமல், படங்களைக் காட்டி உங்கள் வீட்டுப் பேச்சிலேயே கதையைச் சொல்லிவிடுங்கள். மறுநாள், கதை தெரிந்துவிட்ட தைரியத்தில் பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது, அச்சில் உள்ளபடியே நிதானமாக வாசியுங்கள். பொருள் முன்பே தெரிந்திருப்பதால் 'போகிறது' என்பது 'போவுது'தான் என்பதை யாரும் விளக்காமலே பிள்ளை பிடித்துக்கொள்ளும். சில வாரங்களில், 'எனக்குப் பசிக்கிறது' என்று சாப்பாட்டு நேரத்தில் புத்தகத் தமிழில் அறிவித்தால் சிரித்துவிடாதீர்கள், திருத்தவும் வேண்டாம்.

ஒரே புத்தகத்தை இருபதாவது முறை கேட்கும் பிள்ளையிடம் அலுப்பைக் காட்டக் கூடாது. பெரியவர்களுக்குச் சலிப்பூட்டும் அந்தத் திரும்பல்தான் பிள்ளைக்கு வாக்கியங்களை மனப்பாடமாக்குகிறது. மனப்பாடமான வரியின்மேல் விரலை ஓட்டிக்கொண்டு வாசித்தால், ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பு மெல்லப் புலப்படும். ஆனால் விரலை ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தாமல் சொல் சொல்லாக நகர்த்துங்கள். 'கொ' என்பதில் கொம்பு முன்னால் நின்றாலும் மெய்யின் ஒலிதான் முதலில் வருகிறது. காலோ பின்னால் நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொரு குறியாகத் தொட்டுக் காட்டினால் குழப்பமே மிஞ்சும்.

தூங்கப் போகும் முன் பத்து நிமிடம் போதும். புத்தகங்களைக் கண்ணாடி அலமாரியில் பூட்டாமல், பிள்ளையின் கைக்கு எட்டும் தாழ்வான இடத்தில், அட்டை தெரியும்படி வையுங்கள். சில கிழியத்தான் செய்யும். கிழிந்ததைப் பிள்ளையோடு சேர்ந்து ஒட்டுங்கள். கதை முடிந்ததும் 'முயல் என்ன செய்தது, சொல் பார்க்கலாம்' என்று கேள்வி கேட்பதைத் தவிருங்கள். பிள்ளையாகக் கேட்டால் பேசலாம். நாமாகக் கேட்டால் அது பரீட்சையாகிவிடும்.

நிறையப் புத்தகம் வாங்க வசதியில்லை என்பது தடையாகாது. சென்னையின் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023இல் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்கென்றே தனிப் பகுதிகள் உண்டு. சிறுவர் நூல்களை வெளியிடும் பிரதம் புக்ஸ் நடத்தும் 'ஸ்டோரிவீவர்' இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவும், வாசிப்புத் திறனுக்கேற்ற நிலைகளாகப் பிரிக்கப்பட்டும் கிடைக்கின்றன. கைப்பேசித் திரையில் காட்டுவதைவிட அச்சிட்டுத் தைத்துக் கொடுப்பதையே நான் விரும்புவேன், ஏனெனில் திரையில் அடுத்த காணொளி ஒரு விரல் தூரத்தில்தான் இருக்கிறது.

பிள்ளை தானே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியதும், 'இனி நீயே படி' என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒரு வரியைப் படிக்கவே திணறும் ஏழு வயதுப் பிள்ளையால், காதால் கேட்டால் நீண்ட கதையையும் எளிதில் தொடர முடியும். ஆகவே பக்கத்தை நீங்கள் படியுங்கள். அதில் ஒரு வரியை மட்டும் பிள்ளைக்கு விடுங்கள். எங்காவது தடுக்கினால் இரண்டு நொடி பொறுத்து, அந்தச் சொல்லை நீங்களே சொல்லிவிட்டுக் கதையைத் தொடருங்கள்.