பொறியாளர் குடும்பமொன்றின் வரலாற்றை எழுதும் முறை: ரோப்ளிங் குடும்பத்தை முன்வைத்து

பொறியாளர் குடும்பம் ஒன்றின் வரலாற்றை எழுத முற்படுபவர்கள் பெரும்பாலும் வம்சாவளிப் பட்டியலிலிருந்து தொடங்குகிறார்கள். அதைவிட, அக்குடும்பத்தின் கைகளில் தலைமுறைதோறும் புழங்கிய பொருள் எது என்று கண்டறிந்து அதைப் பின்தொடர்வதே நல்ல வழி என்பேன். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய ரோப்ளிங் குடும்பத்துக்கு அந்தப் பொருள் கம்பிவடம். பிரஷியாவில் 1806இல் பிறந்து 1831இல் அமெரிக்காவில் குடியேறிய ஜான் ரோப்ளிங், பென்சில்வேனிய மலைச்சரிவுகளில் கால்வாய்ப் படகுகளை இழுத்தேற்றிய நார்வடங்கள் தேய்ந்து அறுபடுவதைக் கண்டு, இரும்புக் கம்பிகளை முறுக்கி வடம் செய்யத் தொடங்கினார். டிரெண்டன் நகரில் அவர் நிறுவிய ஆலையும், 1855இல் நயாகரா பள்ளத்தாக்கின் மேல் ரயிலைச் சுமந்த தொங்குபாலமும் அதிலிருந்தே பிறந்தவை.

அடுத்து, ஒவ்வொரு தலைமுறையும் தானாக எடுத்த முடிவுகளைப் பிரித்தெடுங்கள். புரூக்ளின் பாலத்துக்கான அளவீட்டின்போது படகுத்துறையில் கால் நசுங்கி, வில்வாத நோய் (டெட்டனஸ்) கண்டு, 1869இல் ஜான் இறந்தார். மகன் வாஷிங்டன் தலைமைப் பொறியாளரானார். 'தந்தையின் கனவை மகன் நிறைவேற்றினார்' என்று எழுதி இந்த இடத்தைக் கடந்துவிடாமல், தந்தை இறந்தபோது தீர்க்கப்படாமல் இருந்தது எது என்று கேளுங்கள். அடித்தளம் எவ்வளவு ஆழம் போகவேண்டும் என்பதே அத்தகைய கேள்விகளில் கடினமானது. மன்ஹாட்டன் பக்கத்தில் ஆற்றடியில் இறக்கப்பட்ட அழுத்தக்காற்றுப் பேழைக்குள் மண் தோண்டிய தொழிலாளர்கள், வெளியே வந்ததும் மூட்டுவலியால் துடித்தார்கள், சிலர் இறந்தார்கள். ஏறத்தாழ 78 அடி ஆழத்தில், அடிப்பாறையை எட்டாமலேயே, காலங்காலமாக அசையாத மணற்படுகை கோபுரத்தைத் தாங்கும் என்று கணித்து, 1872இல் வாஷிங்டன் தோண்டுவதை நிறுத்தினார். கோபுரம் இன்றும் அந்த மணலின் மேல்தான் நிற்கிறது. அந்த முடிவு முழுக்க முழுக்க அவருடையது. அதற்குரிய இடத்தை உங்கள் பக்கங்களில் கொடுங்கள்.

பதவி இல்லாதவர்களின் உழைப்பைத் தேடுவதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். பேழைத் தொழிலாளர்களைத் தாக்கிய அதே நோயால் வாஷிங்டன் வீட்டோடு முடங்கியபின், அவருடைய மனைவி எமிலி கடிதங்களை எழுதியெடுத்தார், கட்டுமானக் கணக்குகளைக் கற்றார், கணவரின் ஆணைகளைக் களத்துக்குக் கொண்டுசென்று பொறியாளர்களுடன் பேசினார். இதை 'உதவினார்' என்ற ஒற்றைச் சொல்லில் அடைப்பது அநீதி; பாலத்தையே அவர்தான் வடிவமைத்தார் என்று எழுதுவதும் உண்மையாகாது. குடும்பத் தாள்கள் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திலும் ரென்சலேர் தொழில்நுட்பக் கல்லூரியிலும் பாதுகாக்கப்பட்டுள்ளன. இத்தகைய தாள்களைப் பார்க்கும்போது, கீழே யாருடைய கையொப்பம் இருக்கிறது என்பதோடு, மேலே ஓடும் கையெழுத்து யாருடையது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நெருக்கடிகளை விரிவாகவே எழுதுங்கள். குடும்பத்தின் வேலைமுறை அங்கேதான் துலக்கமாகத் தெரியும். பாலத்துக்கான கம்பி ஒப்பந்தம் ரோப்ளிங் ஆலைக்குப் போகாமல் ஜே. லாயிட் ஹேய் என்பவருக்குப் போனது. சோதனையில் தேறிய நல்ல கம்பிச் சுருள்களை வழியிலேயே மாற்றி, தரமற்ற சுருள்களை அவர் அனுப்பியது 1878இல் அம்பலமானது. அதற்குள் மோசமான கம்பி வடங்களில் சேர்ந்துவிட்டது, பிரித்தெடுக்க வழியில்லை. தேவையைப்போல் ஆறு மடங்கு வலிமை வைத்து வடிவமைத்த ஜானின் எச்சரிக்கை அப்போது கைகொடுத்தது. நான்கு பெருவடங்களில் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 150 கம்பிகளைக் கூடுதலாகச் சேர்க்கச் செய்து வாஷிங்டன் பணியைத் தொடர்ந்தார். 1883 மே 24இல் பாலம் திறக்கப்பட்டது. இறந்த தந்தை விட்டுச்சென்ற வலிமையும் நோயுற்ற மகனின் கணக்கும் ஒரே வடத்துக்குள் இருக்கின்றன என்பதை வாசகர் உணரும்படி இந்தப் பகுதியை நிதானமாக எழுதுங்கள்.

மரபைப் பற்றி எழுதும்போது புகழுரைகளைத் தவிர்த்து, இன்றும் வேலைசெய்யும் பொருள்களைக் காட்டுங்கள். 1937இல் திறக்கப்பட்ட கோல்டன் கேட் பாலத்தின் வடங்கள் ரோப்ளிங் நிறுவனம் அமைத்தவை. வாய்ப்பிருந்தால் பென்சில்வேனியாவின் லாக்கவாக்சன் ஊருக்கே நேரில் செல்லுங்கள். டெலவேர் ஆற்றின் மேல் கால்வாய் நீரையும் படகுகளையும் சுமப்பதற்காக ஜான் கட்டி 1848இல் முடித்த தொங்கு நீர்ப்பாலம், இப்போது வாகனங்கள் செல்லும் பாலமாக அங்கே இருக்கிறது. அதன் வடங்களில் பெரும்பகுதி அவர் காலத்து இரும்புக் கம்பியே.